இதழ் உரித்த பூக்கள்

“கோடி வராம எப்படிலே தூக்குவே? நாளைக்கு ஊரு என்ன பேசும்?”

“வராட்டிப் போட்டும் அத்தை. அந்தாளு சேலை கொண்டாந்து போட்டாத்தான் எங்கப்பா...”

“ஏலே, உங்கப்பனுக்கில்லலே கோடி, உங்கம்மைக்கு. பொறந்த வீட்டுச் சேலை தோள்ல விழாம ஒருத்தி...”

“...போய்ச் சேருவாகளா? தேன் பெட்டிய அவரே கொளுத்திட்டு எங்கப்பா மேல பழியத் தூக்கிப் போட்ட மனுசன். அவரு கைச் சேலை ஒண்ணும் இந்த வீட்டுக்கு...”

“சத்தத்தக் குறைலே, பிரேதம் கெடக்கு!”

“நீங்கதான் சத்தம் போடுதீக!”

அத்தை ஆவுடைத்தாய்க்கும் மருமகன் குமரவேலுக்கும் நடுவே, பெஞ்சில் சிவசண்முகம் கிடந்தார். உயிரோடு இருந்திருந்தால் அக்காளையும் மகனையும் ஒரே அதட்டில் அடக்கியிருப்பார். இப்போது தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, எல்லாம் ஆகிவிட்டது. மணி ஒன்றரை. வாசலில் பாடை தயாராக இருந்தது. கொட்டுக்காரர்கள் இரண்டு முறை காப்பி குடித்துவிட்டார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் இருவர் பேச்சையும் யாரோ வீட்டுச் சண்டை போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். அழுகை காலையிலேயே ஒரு பாட்டம் வந்து போய்விட்டது. இப்போது அவள் கண் வேறொன்றின் மேல் இருந்தது. அவர் வலது கையின் மேல்.

கோடி என்பது ஒரு சேலைதான். புருஷன் செத்தால் அவள் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து அவள் தோளில் போட வேண்டும். அது விழுந்த பிறகுதான் பாடை நகரும். உனக்கு இனியும் போக ஒரு வீடு இருக்கிறது என்று நாலு பேர் அறியச் சொல்லுகிற சேலை அது. தாய் தகப்பன் போன பிறகு உலகம்மாளுக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் பிச்சைக்கண்ணு வாத்தியார் ஒருவர்தான். மூன்றாம் தெரு. கூப்பிடு தூரம்.

வாத்தியார் வராமல் இல்லை. பதினொரு மணிக்கே வந்துவிட்டார். வீட்டுக்குள்தான் வரவில்லை. எதிர்ச் சாரியில் புங்கை மரத்தடிக் கல்லில், ஏரல் ஜவுளிக்கடைத் தாள் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துட்டி வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

“எந்தம்பி, எந்தம்பி! பொண்டாட்டி வாசல்ல கோலத்துக்குப் பூ வேணும்னு விடியக் காலம் பனியில போனியே! பூவப் பறிக்கப் போன எடத்துல உன்னையப் பறிச்சிட்டானே!” ஆவுடைத்தாய் சண்டையிலிருந்து ஒப்பாரிக்குத் தாவினாள்.

சுற்றியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மார்கழி மாதம். சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வாசலில் வைக்கிற மாதம். ஆற்றுப்படுகைப் பூசணித் தோட்டத்தில், கொடிகளுக்கு நடுவே குப்புற விழுந்து கிடந்த மனுஷன் மடியில் பூக்கள் இருந்தன என்றால் வேறென்ன நினைப்பார்கள்? காலையிலிருந்து இந்தக் கதைதான் வாய்க்கு வாய் போய்க்கொண்டிருந்தது. கொடுத்து வச்சவ, அறுபது வயசுல பொண்டாட்டிக்குப் பூப் பறிச்சுக் கொடுக்க எந்த ஆம்பளை போவான், என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்.

வாசலைக் குனிந்து பார்த்தால் தெரிந்திருக்கும். இன்று காலை அவள் வைத்த ஐந்து சாணி உருண்டையிலும் அருகம்புல்தான் இருந்தது. மார்கழி பிறந்த அன்றே அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “தோட்டத்துல ஒத்தைப் பூவுல கை வைக்கப்பிடாது. கோலத்துக்குப் பூ இல்லன்னா வாசல் இடிஞ்சிராது.”

குளிப்பாட்டும்போது குமரவேல்தான் முதலில் அந்தக் கையைப் பார்த்தான். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நகக்கண் வரை மஞ்சள். “என்னம்மா இது, மஞ்சப்பொடியா?” என்று சீயக்காயை வைத்துத் தேய்த்தான். போகவில்லை. உலகம்மாள் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

பக்கத்து வீட்டு சத்தியநேசன் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். தபால் ஆபீஸில் இருப்பவர். எந்தத் தகவலையும் நோகாமல் கொண்டுவந்து கொடுக்கத் தெரிந்தவர் என்று அவரைத்தான் புங்கை மரத்தடிக்கு அனுப்பியிருந்தார்கள்.

“என்ன சொல்லுதாரு உங்க வாத்தியாரு?” குமரவேல் கேட்டான்.

“கோடி கொண்டாந்திருக்காரு. போடமாட்டேன்னு சொல்லல.”

“பொறவு?”

“ஒரு வார்த்தை சொல்லணுமாம்.”

“யாரு?”

சத்தியநேசன் உலகம்மாளைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார். “அன்னைக்குக் கோயில்ல சூடத்தை அணைச்சு சொன்னது பொய்னு தங்கச்சி வாயாலயே சொல்லணுமாம். நாலு பேரு கேக்கச் சொல்லணுமாம். சொன்னா உள்ள வந்து சேலையப் போடுவாராம். இல்லன்னா பொட்டலத்தோட வீட்டுக்குப் போயிருவாராம்.”

“போகச் சொல்லும்வே!” குமரவேல் எகிறினான். “பேட்டையிலருந்து அடிச்சுப் பிடிச்சு ஓடியாந்திருக்கேன், எங்கப்பா மூஞ்சிய நிம்மதியாப் பாக்க விடுதானா இந்தச் சவத்து மூதி? செத்த வீட்டு வாசல்ல பஞ்சாயத்து வைக்கான்!”

“பைய, தம்பி, பைய. பெரியவர அப்படிப் பேசாதே.”

“பெரியவரா? நோய் விழுந்து ஈ செத்துப்போச்சு, அந்த அவமானத்த மறைக்கப் பெட்டியத் தானே கொளுத்திக்கிட்ட ஆளு. ஊருக்கே தெரியும்.”

ஊருக்கே தெரியும்தான். உலகம்மாள் சத்தியம் செய்ததால் ஊருக்குத் தெரிந்தது அது.

அண்ணனின் தென்னந்தோப்பும் இவர்கள் பூசணிப் படுகையும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். தோப்பு நிழலில் அண்ணன் இருபத்திரண்டு தேன் பெட்டி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவார். கன்னியாகுமரிப் பக்கமெல்லாம் நோய் விழுந்து பெட்டி பெட்டியாக ஈ செத்த வருஷத்தில்கூட, வாத்தியார் பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்து அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தார். விடிந்தால் ஈக்கள் வேலியைத் தாண்டிப் பூசணிப் பூவுக்கு வரும். சிவசண்முகத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த மாசி மாதம் காப்பிக்கடையில் நடந்ததை, கேட்டவர்கள் வந்து சொல்லிச் சொல்லி, தானே அங்கே உட்கார்ந்திருந்ததுபோல் உலகம்மாளுக்கு மனப்பாடம்.

“என்ன மாப்ளே, என் ஈ உம்ம பூவக் குடிச்சுத் தீக்குதுன்னு சொல்லிக்கிட்டு அலையுதீராமே?”

“ஆமா. பூவுல உள்ள சத்தையெல்லாம் உறிஞ்சிட்டுப் போயி உம்ம பெட்டியில கொட்டுது. பொறவு பிஞ்சு எங்க இருந்துவே தெறக்கும்? தேன் உமக்கு, சக்கை எனக்கா?”

“நாலாங் கிளாஸ் பையன் கேட்டாச் சிரிப்பான்வே. ஆண்பூவுல இருக்க பொடியக் கொண்டுபோயி பெண்பூவுல வைக்கதே அந்த ஈதான். அது வராட்டா உமக்கு ஒத்தைக் காய் காய்க்காது. நீரு தினம் வேலிப் பக்கம் நின்னு அதுக்கு ஒரு கும்பிடு போடணும்.”

“பூச்சிக்கு நான் கும்பிடணுமோ?”

“கும்பிடாண்டாம். ஈய விரட்டிட்டு, நீரே ஒவ்வொரு பூவாக் குனிஞ்சு குனிஞ்சு தொட்டுக்கிட்டு வாரும். ரீங்காரம் போட மட்டும் மறந்துராதேயும்!”

கடையே சிரித்தது. டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவன் மூக்கால் ‘ங்ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் கொடுத்தான். அதற்கும் சிரித்தது.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. “உங்கண்ணன் என்னைய நாலு பேரு முன்னால பூச்சியாக்கிட்டான்” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் ராத்திரி மண்ணெண்ணெய் டின்னும் மண்வெட்டியுமாகப் போனார். அவள் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது அவர்மேல் மண்ணெண்ணெய் வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. வெல்லப்பாகு தீய்ந்ததுபோல் ஒரு இனிப்பு வாடை. ஒரு பக்கத்துப் புருவம் பொசுங்கியிருந்தது. கழுத்திலும் கையிலும் கொடுக்குகள். அடுக்களை விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள். முப்பத்தோரு கொடுக்கு. ஒன்றைப் பிடுங்கும்போதுகூட அவர் ஸ் என்று சொல்லவில்லை.

விடிந்ததும் தோப்புக்குப் போனாள். பலகைகள் கரியாகிக் கிடந்தன. மெழுகு உருகி மணலில் ஓடி உறைந்திருந்தது. அடைக்குள் வெந்துபோன வெள்ளைப் புழுக்கள். தப்பிய ஈக்கள் ஒரு கைப்பிடி அளவுக்குத் தென்னை மரத்தில் அப்பிக்கொண்டு, போக வீடில்லாமல் இருந்தன. மூன்று நாள் அப்படியே இருந்துவிட்டு நாலாம் நாள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அண்ணன் அந்த மரத்தடியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னார்கள்.

பிறகு சாஸ்தா கோயில் முன்னால் ஊர் கூடியது. சிவசண்முகத்தைச் சூடம் அணைக்கச் சொன்னார்கள். அவர் நகரவில்லை. “என் பொண்டாட்டி சொல்லுவா” என்றார். அவள் போனாள். “அன்னைக்கு ராத்திரி அவுக வீட்ட விட்டு எங்கயும் போகல” என்றாள். எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி அணைத்தாள். ஊர் அதோடு கலைந்தது. தானே கொளுத்திவிட்டு மாப்பிள்ளை மேல் பழி போட்ட வாத்தியார் என்று பேச்சும் அன்றே பிறந்துவிட்டது.

கலைகிற கூட்டத்தில் அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். “கை சுட்டுச்சாம்மா?” என்று கேட்டார். அதுதான் அவர் அவளோடு பேசிய கடைசிப் பேச்சு. ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது.

“எம்மா...”

கொல்லைக் கதவுப் பக்கம் இசக்கியம்மா நின்றாள். படுகையில் கூலி வேலை செய்கிறவள். காலையில் அவரைப் பார்த்து ஊரைக் கூப்பிட்டவளும் அவள்தான். ஒரு துண்டை மூட்டையாகக் கட்டி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

“அய்யா மடியில இருந்தது இது. பூன்னு மட்டும் ஊருக்குச் சொல்லிட்டு, அங்கனயே எடுத்து மறைச்சு வச்சேன். எல்லாருஞ் சேந்து அவுக்கப்பிடாதேன்னுதான்.” குரலைத் தாழ்த்தினாள். “பாடையில வச்சு சேத்து எரிச்சிரலாமா? இல்ல, ஆத்துல விட்டுருதேன்.”

உலகம்மாள் முடிச்சை லேசாகத் தளர்த்திப் பார்த்தாள். ஏற்கெனவே தெரிந்ததுதான் உள்ளே இருந்தது. மறுபடி முடிந்தாள்.

பெட்டிகள் எரிந்த அடுத்த பட்டத்திலேயே அது தொடங்கிவிட்டது. கொடி கொள்ளாமல் பூத்தது. பெண்பூவுக்கு அடியில் பிஞ்சு சுண்டைக்காய் அளவுக்கு வந்து, மஞ்சளாகி, சுருங்கி விழுந்தது. விதை சரியில்லை என்றார். உரக்கடைக்காரனைத் திட்டினார். “உங்கண்ணன் செய்வினை வச்சிருக்கான்டி” என்று வரப்பு மூலைகளைத் தோண்டித் தகடு தேடினார். ஒரு பழைய மாட்டு லாடம்தான் கிடைத்தது. மறு பட்டமும் அப்படியே. காட்டு ஈக்கூட்டமும் அநேகமாக நோயில் போயிருந்தது. படுகையில் காலையில் ஒரு சத்தமும் கேட்காது.

கார்த்திகையில் ஒரு நாள் தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுபோனவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். வெளிச்சம் சரியாக வரவில்லை. அவர் ஒரு ஆண்பூவைக் காம்போடு கிள்ளினார். வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வாழைப்பழத்துக்குத் தோலுரிப்பதுபோல் இதழ்களை உரித்து எறிந்தார். நடுவில் நின்ற மஞ்சள் தண்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒரு பெண்பூவுக்குள் விட்டு மெதுவாகத் தடவினார். தடவி முடிந்த காம்பை மடித் துண்டுக்குள் போட்டு மறைத்துக்கொண்டார். பிறகு அடுத்த பூ. பிறகு அடுத்தது. கூடவே உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வசவுதான். யாரை வைகிறார் என்று காதில் விழவில்லை.

நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டார்.

“என்ன பாக்க?”

“ஒண்ணுமில்ல.”

“காப்பிய வச்சிட்டுப் போ. எவன்கிட்டயாவது சொன்னே, நாக்க அறுத்துருவேன்.”

யாரிடமும் சொல்லவில்லை. பழகிய வேலைதானே. இடுப்பு வலி என்று ராத்திரி அவர் புரளும்போது தைலம் தேய்த்துவிட்டாள், எதனால் என்று இருவரும் பேசிக்கொள்ளாமல். ஒரு நாள் இசக்கியம்மா, வாத்தியார் பனைப்பொந்திலிருந்து ஈ பிடித்துப் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார், வீட்டுக் கொல்லையில் சுற்றிலும் தட்டி அடைத்துப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார் என்று வந்து சொன்னபோது, சிவசண்முகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “பூட்டா?” என்று கேட்டார். அப்புறம் ரசம் கேட்டார். மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே தோட்டத்துக்குப் போனார்.

“மைனர் மாதிரி அங்கன உக்காந்திருக்கதப் பாரேன்!” ஆவுடைத்தாய் ஜன்னல் வழியே புங்கை மரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். “எந்தம்பி செத்தது அவனுக்குத் தீவாளி. ஏலே குமரவேலு, நீ சொன்னதே சரிதாம்லே. கோடியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். நான் போடுதேன் ஒரு சேலை. தூக்கச் சொல்லு!”

“இப்பமாவது சொன்னீகளே.” குமரவேல் வேட்டியை மடித்துக் கட்டினான். “அம்மா, எந்திரி. கடைசியா மூஞ்சியப் பாத்துக்கோ.”

உலகம்மாள் எழுந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. துண்டு மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

“ஏட்டி, உலகு! எங்க போறே? பிரேதம் உள்ள கெடக்கையில தெருவுல இறங்குவாளா ஒருத்தி? கோட்டி பிடிச்சிட்டா உனக்கு?”

“அண்ணன் உள்ள வரலைன்னா நான் வெளிய போறேன், மதினி.”

“அம்மா, நில்லு!”

நிற்கவில்லை. மிதிபட்டு அழிந்த கோலத்தைத் தாண்டி, பாடையைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். மார்கழி வெயிலில் கண் கூசியது. கொட்டுக்காரர்கள் பீடியை மறைத்தார்கள். தெருவில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாத்தியார் எழுந்திருக்கவில்லை. ஒன்றே முக்கால் வருஷத்தில் அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மூன்றாம் தெருவில் இருக்கிற மனுஷன் நரைத்ததை அவள் இன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறாள்.

“சொல்லிட்டு வந்தியா? சொல்ல வந்தியா?” என்றார்.

“இதப் பாரு.”

அவர் மடியில், சேலைப் பொட்டலத்தின் மேலேயே துண்டை வைத்துப் பிரித்தாள். ஐம்பது அறுபது பூ இருக்கும். பூ என்று சொல்ல முடியாது. இதழ் ஒன்றுகூட இல்லை. வாடி வதங்கிய காம்பும் நடுத்தண்டும்தான். வாத்தியார் ஒன்றை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தண்டின் நுனியைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பொடி இல்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இல்லை.

“யாரு உரிச்சது?”

“கார்த்திகையிலருந்து தினமும் நடக்குது.”

“யாருன்னு கேட்டேன்.”

“நீ சொன்ன வேலைதான். காப்பிக்கடையில வச்சு நீ சொன்னியே, அதே வேலை.”

வாத்தியார் கையிலிருந்த காம்பைக் கீழே வைக்கவில்லை.

“எத்தனை பிடிச்சுது?” என்றார். கேட்க நினைக்காமலே வாயில் வந்துவிட்டதுபோல் இருந்தது.

“நாலுக்கு மூணு பிடிச்சிருக்காம். இசக்கியம்மா சொன்னா.”

“குனிஞ்சு குனிஞ்சா?”

“குனிஞ்சுதான். காலையில விழுந்ததும் அப்படியேதான்.”

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிக்கப் போகிறாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சிரித்திருந்தால் அந்த மூட்டையை அவர் முகத்தில் எறிந்திருப்பாள். சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். குரல் பழையபடி ஆகிவிட்டது.

“இதக் காட்டி என் வாயை அடைக்கலாம்னு பாக்கியா? ஒரு பொட்டலம் காம்பு, அதுக்கு இருபத்திரண்டு பெட்டியா? அவன் பண்ணினது அவனோட போச்சு, அத நான் கேக்க வரல. பூவு வந்து சாஸ்தா முன்னால சூடம் அணைக்கல, உலகு. நீ அணைச்சே. என் கூடப் பொறந்தவ அணைச்சா.”

“புருசன விட்டுக் கொடுக்கச் சொல்லுதியா?”

“அன்னைக்கு என்னைய விட்டுக் கொடுத்தியே.”

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். வீட்டு நடையில் குமரவேல் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஆவுடைத்தாய், அவளுக்குப் பின்னால் பெண்களின் தலைகள். உள்ளே இருட்டில் பெஞ்சின் கால் மட்டும் தெரிந்தது. இனி அவர் நாக்கை அறுக்க எழுந்து வரமாட்டார். அது தைரியமாகவும் இருந்தது, அதைவிடத் துக்கமாகவும் இருந்தது.

“எல்லாருங் கேளுங்க” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “அன்னைக்கு ராத்திரி அவுக வீட்டுல இல்ல. மண்ணெண்ணெய் டின்னத் தூக்கிட்டுப் போனத இந்தக் கண்ணால பாத்தேன். வந்த பொறவு முப்பத்தோரு கொடுக்க நான்தான் பிடுங்கினேன். பெட்டியக் கொளுத்தினது அவுகதான். எங்கண்ணன் சொன்னதுதான் நெசம். சாஸ்தா முன்னால நான் அணைச்சது பொய்ச் சூடம்.”

எங்கேயோ ஒரு வீட்டு ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது, யாரோ ஓடிப்போய் அதை நிறுத்தினார்கள்.

“அடிப்பாவி!” ஆவுடைத்தாய்தான் முதலில் வாய் திறந்தாள். “செத்தவன் வாயைக் கட்டிப் போட்டுட்டு இப்படிப் பேசுதியேட்டி! எந்தம்பி சோத்தத் தின்ன வாயாட்டி இது?”

குமரவேல் நடையிலிருந்து இறங்கி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள். பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில், “இத இன்னைக்கா சொல்லணும்?” என்று கேட்டான். “நானும் ரெண்டு வருசமா மாமாவ ஊரெல்லாம் வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேனே. அப்பமே எங்கிட்டயாவது சொல்லியிருக்கப்பிடாதா?”

பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

வாத்தியார் எழுந்தார். துண்டை நாலு முனையும் சேர்த்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். வேட்டித் தூசியைத் தட்டினார். யாரையும் பார்க்காமல் நேராக வீட்டுக்குள் நடந்தார். வழி தானாக விலகியது. உலகம்மாள் பின்னால் போய்ப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

தாளைக் கிழித்துச் சேலையை உதறினார். அரக்குக் கரை போட்ட நூல் சேலை. அம்மை உடுத்துகிற மாதிரிச் சேலை. அதை அவள் தோளில் போட்டார். அவர் கை அவள்மேல் படவில்லை.

“இது நம்ம அம்மைக்காகப் போடுதேன்” என்றார். “உனக்காக இல்ல.”

குமரவேல் ஈரத் துண்டை எடுத்துவந்து தகப்பனின் வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே, மூர்க்கமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். தெருவில் காம்பைப் பற்றிப் பேசியதைக் கேட்டு எல்லோர் கண்ணும் அந்த விரல்களுக்குப் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. செத்த விரல் இனிச் சிவக்காது என்பதையும் மறந்து தேய்த்தான்.

வாத்தியார் குனிந்தார். மைத்துனரின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம், பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல்.

“விடுலே” என்றார். “அது அப்படிப் போகாது. ரெண்டு நாள் ஆகும்.”

குமரவேல் நிறுத்தினான். ரெண்டு நாளுக்கு அந்தக் கை எங்கே இருக்கப் போகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

வாய்க்கரிசி போட்டார்கள். சங்கு ஊதியது. கொட்டு தொடங்கியது. குமரவேல் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான், தாயைப் பார்க்காமல். ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகச் செருப்பில்லாமல் இறங்கினார்கள். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வழி பூசணிப் படுகையை ஒட்டித்தான். வேலிக்கு இந்தப் பக்கம் கொடி, அந்தப் பக்கம் கரி படிந்த தென்னை. இரண்டுக்கும் நடுவே தூக்கிக்கொண்டு போவார்கள்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட வாரியலும் வாளியுமாக நின்றார்கள். உலகம்மாள் கோடிச் சேலை தோளிலிருந்து நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டு நடைவரை வந்தாள். கூட்டத்தில் கடைசி ஆளாக வாத்தியார் போய்க்கொண்டிருந்தார். மூட்டையைப் பாடைமேல் எறிவார், வழியில் வாய்க்காலில் போடுவார் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடுப்பில் செருகிய துண்டு மூட்டை அப்படியேதான் இருந்தது. ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

“அண்ணே!”

“ஏட்டி, போற பாடையப் பின்னாலருந்து கூப்பிடாதட்டி!” ஆவுடைத்தாய் பாய்ந்துவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

உலகம்மாள் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். வாத்தியார் நின்றிருந்தார். திரும்பவில்லை.

“நாளைக்கு விடியப் பூ விரிஞ்சிரும், அண்ணே. பூட்டி வச்சிருக்கியே ஒரு பெட்டி, அத அங்கன கொண்டாந்து வைப்பியா?”